உடம்பு தொழிலாளியுடையது, ஃபைல் யாருடையது?

பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை வட்டாரத்தில் விசைத்தறி ஓடும் தெருக்களில் பேசுவதென்றால் கத்தித்தான் பேச வேண்டும். கொட்டகைக்குள் நாடா இப்படியும் அப்படியும் அடிக்கிற சத்தத்தில் அங்கே நிற்பவர்களின் காது எவ்வளவு மந்தப்பட்டிருக்கிறது என்று அளக்க ஓர் ஆய்வுக் குழு வருவதாக வைத்துக்கொள்வோம். தறியை விட்டு வந்த கையோடு சோதித்தால் கணக்கு தப்பிவிடும். சத்தத்தில் அடைத்த காது தெளியக் குறைந்தது 14 மணி நேரமாவது விட வேண்டும். ஆகவே காலையில் தறி ஓட்டத் தொடங்கும் முன்பே ஆளைப் பிடித்தாக வேண்டும். நெய்த அளவுக்குத்தான் கூலி என்கிறபோது, நின்றுபோன தறிக்கு யார் பணம் தருவது?

இழந்த கூலியை ஈடுகட்டலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் அனுமதிக்கின்றன. அது எளிய பகுதி. சிக்கல் கையெழுத்து வாங்கும் இடத்தில்தான். முன்பணம் கொடுத்த ஓனர் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, “எனக்கு இஷ்டமில்லை” என்று எந்தத் தொழிலாளி சொல்வார்? ஒருவரை அண்டிப் பிழைப்பவரிடம், அந்த உறவுக்கு வெளியே உள்ள ஒருவர்தான் சம்மதம் கேட்க வேண்டும் என்கிறது ஹெல்சிங்கி பிரகடனம்.

சம்மதம் வாங்கியாயிற்று. முடிவு யாருக்குப் போகும்? 1949-ல் கனடாவின் கியூபெக்கில், ஜான்ஸ்-மான்வில் ஆஸ்பெஸ்டாஸ் நிறுவனத்தின் டாக்டர் கென்னத் ஸ்மித் 708 தொழிலாளர்களின் எக்ஸ்ரே படங்களைப் பார்த்தார். நுரையீரலில் நோயின் அறிகுறி தெரிந்தவர்களுக்கும், உடம்பு முடியாமல் போகும்வரை விஷயத்தைச் சொல்ல வேண்டாம் என்று எழுதிவைத்தார். அவர்கள் நிம்மதியாக வேலை செய்வார்கள், கம்பெனிக்கும் பயன்படுவார்கள் என்பது அவர் சொன்ன நியாயம்.

நமக்கு அருகிலும் இப்படி ஒரு தகராறு நடந்தது. கொடைக்கானல் பாதரசத் தெர்மாமீட்டர் ஆலை பாண்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து 1987-ல் இந்துஸ்தான் லீவர் கைக்குப் போனது. மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த 7.4 டன் கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டதும், 2001 மார்ச்சில் மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கண்காணித்தோம், பாதிப்பில்லை என்றது நிறுவனம். சிறுநீரகக் கோளாறும் நரம்புத் தளர்ச்சியும் எங்கிருந்து வந்தன என்று கேட்டார்கள் முன்னாள் தொழிலாளர்கள்.

இங்கே மருத்துவம் ஒரு வினோதமான நெருக்கடியை உண்டாக்குகிறது. உடலில் சேர்ந்த பாதரசத்தில் பாதி, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வெளியேறிவிடும். ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழித்துச் சிறுநீரைச் சோதித்தால் என்ன தெரியும்? வேலையிலிருந்த நாளில் எடுத்த சோதனைத் தாள்தான் ஆதாரம். அந்தத் தாள் சேர்வதோ கம்பெனி ஃபைலில். 2006-ல் வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நிபுணர் குழு ஒன்று, பாதரசத்தோடு நோயை முடிச்சுப்போடப் போதிய சான்று இல்லை என்றது. 2011-ல் மத்தியத் தொழிலாளர் அமைச்சகத்தின் அறிக்கையோ பாதிப்புக்கு முகாந்திரம் இருக்கிறது என்றது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் உடன்பாடு ஏற்பட்டது.

ஆலைக்குள் நடக்கும் வழக்கமான பரிசோதனைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவையில்லை; அது ஆராய்ச்சி என்ற கணக்கில் வராது. ஆனால் அதே எண்களைக் காட்டி ‘பாதிப்பில்லை’ என்று வாதிடும்போது, கொல்லைப்புற வழியாக அது ஆராய்ச்சி முடிவாகிவிடுகிறது. தொழிலாளியிடம் அன்றைக்கே ஒரு பிரதி இருந்திருந்தால் நீதிமன்றத்தில் பாதி வாதம் மிச்சம். இதற்குப் பெரிய சட்டப் புத்தகம் தேவையில்லை, ஒரு ஜெராக்ஸ் போதும்.

தறிக்காரர் விஷயத்தில் அந்தப் பிரதியோடும் வேலை தீராது. தொழில்சார் மருத்துவர்களின் சர்வதேச நெறிமுறைப்படி, ஆள் வேலைக்குத் தகுதியா என்பது வரைதான் முதலாளிக்குச் சொல்லலாம். நோய் விவரம் போகக் கூடாது. பெரிய ஆலையில் பெயரை எடுத்துவிட்டு எண்ணிக்கையை மட்டும் கொடுக்கலாம். நான்கு தறி ஓடும் வீட்டில் வேலை செய்வதே இரண்டு பேர் என்றால், ‘ஒருவருக்குக் காது மந்தம்’ என்ற வரியே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே முடிவைக் கொட்டகை வாரியாகக் கொடுக்க முடியாது. பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டை, எல்லைக்கு அந்தப் பக்கம் நகரி என்று ஊர்க்கணக்காகத்தான் வெளியிட வேண்டியிருக்கும்.