தீயணைக்கும் சாதனங்களும் சர்க்கார் மானியமும்

பங்குனி, சித்திரை மாதங்களில் தென்னேரி போன்ற ஊர்களில் கூரை வீடுகளுக்கும் வைக்கோற் போர்களுக்கும் நெருப்பினால் நேரும் அபாயம் பெரிது. ஓலை உலர்ந்திருக்கும், காற்றும் பலமாய் வீசும், ஏரியில் நீர் குறைவதும் அக்காலத்திலேதான். 2004-ஆம் ஆண்டு ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்துப் பள்ளியொன்றில் கூரையில் பரவிய தீக்கு 94 குழந்தைகள் இரையானதை ஜனங்கள் மறந்திலர். தீயணைப்பு வண்டி வந்து சேரும் வரையில் ஊராரிடம் என்ன சாதனம் உள்ளதென்பதைப் பொறுத்தே உயிரும் உடைமையும் தப்பும்.

இச்சாதனங்களுக்குச் சர்க்கார் பணம் கிடைக்குமா என்பது சங்க அங்கத்தினர் பலருடைய கேள்வி. கிடைக்கும்; ஆயினும் அது செல்லும் வழியை அறிதல் அவசியம். மாநிலங்களின் தீயணைப்புப் பணியை விஸ்தரித்து நவீனமாக்குவதற்கு 15-ஆவது நிதிக் குழுவின் சிபார்சின்படி 5,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பெற்று, அத்திட்டம் 2023-ஆம் ஆண்டு ஜூலையில் ஆரம்பமாயிற்று. வடகிழக்கு, இமயமலை மாநிலங்கள் நீங்கலாக ஏனையவை திட்டச் செலவில் 25 சதவிகிதத்தைத் தாமே ஏற்கவேண்டும் என்பது நிபந்தனை. இப்பணம் மாநில இலாகாவின் நிலையங்களுக்கும் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் உரியது. கிராமத்துக்கு நேராக வருவதன்று.

இதற்குக் காரணமும் உண்டு. அரசியல் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையில் நகரசபைகளுக்குரிய 18 விஷயங்களுள் தீயணைப்பும் ஒன்று. பஞ்சாயத்துகளுக்குரிய 29 விஷயங்களைக் கூறும் 11-ஆவது அட்டவணையில் அது காணப்படவில்லை. ஆனால் பொதுச் சொத்துக்களைப் பராமரித்தல் அதில் உள்ளது. ஆதலால் பஞ்சாயத்துக் கட்டடம், பொதுக் கிடங்கு முதலியவற்றின் பாதுகாப்புக்கென்று சிறு கருவிகள் கோருவது, ஊருக்குத் தனி வண்டி கேட்பதினும் பயன்தரும். கிராம சபையில் தீர்மானம் நிறைவேற்றி, கிராம ஊராட்சி வளர்ச்சித் திட்டத்தில் அதைச் சேர்த்து, எந்த நிதியில் செலவிடலாம் என்பதை வட்டார வளர்ச்சி அதிகாரியிடம் முன்னதாகவே கேட்டறிதல் நலம். தீயணைப்பு நிலைய அதிகாரியின் யோசனையையும் எழுத்து மூலம் பெற்று மனுவுடன் இணைக்கலாம்.

வாங்கும் வரிசையும் முக்கியம். முதலில் நீர் வாளிகள், மணல் வாளிகள், ஏணி, எரியும் ஓலையை இழுத்துத் தள்ள நீண்ட துறட்டி ஆகியவை வேண்டும். தீ வாளியின் அடி உருண்டையாக இருப்பது, வேறு வேலைக்கு எவரும் எடுத்துச் செல்லாதிருக்கும் பொருட்டே. அடுத்து, இந்தியத் தர முத்திரை பெற்ற தூள் தீயணைப்பான்களை வாங்கலாம். மின்சாரத் தீயின்மீதும் கொதிக்கும் எண்ணெய்த் தீயின்மீதும் நீர் ஊற்றலாகாது. மின்சாரத் தீக்கு அவை உதவும். இவற்றுக்குப் பின்னரே பம்பு. கரையில் வைக்கும் பம்பு ஏறத்தாழ 7 அல்லது 8 மீட்டர் ஆழத்துக்குக் கீழுள்ள நீரை உறிஞ்சி ஏற்ற இயலாது. கோடையில் ஏரி நீர் எங்கே நிற்கும், அதுவரை வண்டி செல்லப் பாதை உண்டா என்று பாராமல் பம்பு வாங்குவது வீண் செலவாகும்.

மானியம் கருவியை ஒரு முறை வாங்கித் தரும். அதைப் பழுதின்றிக் காப்பது ஊராருடைய கடமை. தீயணைப்பானின் அழுத்தமானியில் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என மாதந்தோறும் பார்த்துப் பதிவேட்டில் குறிக்கவேண்டும். கருவிகளைப் பூட்டிய அறையில் வைத்துச் சாவியை ஒருவரே கொண்டுபோனால், அவை இருந்தும் இல்லாதவையே. பயிற்சி பெற்ற சில இளைஞரும், மறு நிரப்புச் செலவுக்கு ஆண்டுதோறும் ஒரு சிறு தொகையும் ஏற்பாடாதல் வேண்டும். விதிகள் இடந்தரும் அளவில் கூட்டுறவுச் சங்கம் இதில் துணை நிற்கலாம்.

கணக்கும் அவ்வாறே. இதே மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் மீண்டும் வாரியத்துக்குத் தேர்ந்தெடுக்கலாகாதென விதித்தது. ரசீதும் இருப்புப் பதிவேடும் பயன்பாட்டுச் சான்றும் ஒழுங்காயுள்ள கிராமமே அடுத்த மானியத்தைத் தைரியமாய்க் கேட்கலாம்.

எத்தனை கருவிகள் இருப்பினும், தீயைக் கண்டவுடன் 101 அல்லது 112 என்ற எண்ணுக்கு ஒருவர் தெரிவித்தே தீரவேண்டும். வண்டி வரும் வரை தீயைப் பரவவிடாது தடுத்தலே கிராமச் சாதனங்களின் நோக்கம்.