சிறுநீரகத்தை அடைக்கும் புளி

சிறுநீரகத்தில் அடைப்பு என்றவுடன் நாம் கல்லையே நினைப்போம். கண்ணுக்குப் புலனாகாத பளிங்குத் துகள்களும் அதனை அடைத்தல் கூடும். திற்பரப்பு முதலாய குமரி மாவட்டத்து ஊர்களில் மீன்குழம்பிலும் ஊறுகாயிலும் இடும் பிலிம்பிக் காயே அதற்குக் காரணமாவதுண்டு என்பது வியப்பன்றோ? மலையாளத்தார் இதனை இரும்பன்புளி என்பர்.

இக்காயில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. இரத்தக் கொழுப்பைக் குறைக்குமென்று கருதி இதன் சாற்றைப் பருகுவோர் உளர். அவ்வமிலம் கால்சியத்துடன் கூடிச் சிறுநீரகத்தின் நுண்குழாய்களிற் பளிங்காய் உறைகின்றது; சிறுநீரகமும் செயலிழக்கின்றது. இவ்வாறு நோயுற்ற பத்துப் பேரைப் பற்றிக் கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளினின்று 2013ஆம் ஆண்டில் அறிக்கை வெளிவந்தது. அவருள் எழுவருக்கு இரத்தச் சுத்திகரிப்பு வேண்டியதாயிற்று. மூவர் அஃதின்றியே தேறினர்.

அடைப்பு நுண்குழாய்களில் இருத்தலின், ஸ்கேன் படத்தில் கல்லோ, சிறுநீர்க் குழாயின் வீக்கமோ தோன்றாதிருக்கலாம். சிறுநீரகத்தினின்று ஊசியால் எடுத்த துணுக்கை நுண்ணோக்கியில் நோக்கின் பளிங்குகள் புலப்படும். எனினும், "என்ன பருகினீர்?" என்னும் வினாவே முதற் சோதனை.

சாற்றை உடனே நிறுத்துதலும், வேண்டுமாயின் இரத்தத்தைச் சுத்திகரித்தலுமே சிகிச்சையாம். நாட்டு மருந்துதானே என்று எண்ணி, உட்கொண்டதனை மருத்துவரிடம் மறையாதிருப்போமாக. அச்சிறு சொல் ஓர் உயிரைக் காக்கும்.