நாட்டுத் துப்பாக்கி

மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறித் தேனிச் சாலையில் மேற்கே செல்வோர், வயல்களையும் தோப்புகளையும் கடந்து மலைத்தொடரைக் காண்பர். மலையடிக் காடுகளிலிருந்து இரவில் இறங்கும் காட்டுப் பன்றி, பல மாத உழைப்பை ஒரே இரவில் பாழாக்கிவிடும்.

முன்னாளில் குடியானவனுக்குத் துணை நாட்டுத் துப்பாக்கி. வெடியுப்பு, கந்தகம், கரி சேர்ந்த மருந்தைக் குழலின் வாய்வழியே கொட்டி, ரவையிட்டு, கோலால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். ஒரு வெடி தீர்ந்தால் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். குறி தவறினால் பன்றி காத்திராது!

அமெரிக்காவிலோ அதுவே சீமான்களின் விளையாட்டுப் பொருளாகிவிட்டது. 1985-ல் டோனி நைட் என்பவர், கேப்பைக் குழலுக்கு நேர் பின்னே அமைத்த புதுவகையைக் கொண்டுவந்தார். தொலைநோக்கி பொருத்தி 200 கஜத்தில் மானை வீழ்த்துகின்றனர். உயர்ந்த வகைகளின் விலை ஆயிரக்கணக்கான டாலர்!

நமக்கோ கேள்வி விலையன்று, உரிமை. 1799-ல் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கும்பினியார் பாளையக்காரரின் ஆயுதங்களைப் பறித்தனர். 1878-ன் ஆயுதச் சட்டம் இந்தியரை லைசென்ஸுக்குக் கைகட்டி நிற்கவைத்தது. 1930-ல் காந்தியடிகள் வெளியிட்ட பதினோரு கோரிக்கைகளுள், தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் அளித்தலும் ஒன்று. அஹிம்சாமூர்த்தியே அதைக் கேட்டாரென்பது சிந்திக்கத்தக்கது.

சுயராஜ்யத்தில் 1972-ன் வனவிலங்குச் சட்டம் வேட்டையைத் தடுத்தது. புலியும் மானும் பிழைக்க அது அவசியமே. பன்றியின் விஷயத்தில், 2022-ல் கேரளம் உள்ளாட்சியின் உத்தரவின்பேரில் லைசென்ஸுள்ளோர் சுட வழிசெய்தது. தமிழ்நாட்டில் 2025-ல், காப்புக்காட்டுக்கு 3 கிலோமீட்டர் அப்பால் வனத்துறையினர் சுடலாமென்று ஏற்பாடாயிற்று.

துப்பாக்கியை உழவன் கையில் தராத சர்க்கார், அவன் பயிருக்குக் காவல் நிற்கும் கடமையை ஏற்றதாகிறது. தகரம் தட்டிக் கண்விழிப்பவன் குரலுக்கு, விடியுமுன் ஆள் வந்தாக வேண்டும்.