பழங்கால வரலாறு: இணையச் செய்திகளைச் சரிபார்க்க மாணவரைப் பழக்குதல்

இணையத்திலும் வாட்ஸ்அப்பிலும் வரும் வரலாற்றுச் செய்தி ஒன்று உண்மைதானா, அதற்குச் சான்று என்ன என்று தேடிப் பார்ப்பதே சரிபார்த்தல். இதைத் தொடங்க ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பருவம் ஏற்றது. கி.மு., கி.பி. கணக்கு பிள்ளைகளுக்குப் பழகிவரும் காலம் அது. கைப்பேசியும் ஏறக்குறைய அதே வயதில்தான் கைக்கு வருகிறது.

"இணையத்தில் வருவதையெல்லாம் நம்பாதே" என்று சொல்லி விட்டுவிடுவதில் பயன் குறைவு. எதையும் நம்பாமல் பழகிய பிள்ளை கல்வெட்டுச் செய்தியையும் நம்பாது. அதற்குப் பதில் ஒரு கேள்வியைப் பழக்கலாம்: "இது எப்படித் தெரிய வந்தது?" யாராவது அளந்தார்களா, தோண்டினார்களா, கல்லில் இருந்ததைப் படித்தார்களா? எங்கே தேட வேண்டும் என்பதை இந்தக் கேள்வியே காட்டிவிடும்.

பெரிய கோயில் ஓர் எடுத்துக்காட்டு

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்ற செய்தியைப் பார்க்காத மாணவர் அரிது. (பாடநூல் கணக்கில் அந்தக் கோயில் இடைக்காலம். பிள்ளைகளுக்கு ஆயிரம் ஆண்டு என்றாலே பழங்காலம்தான்.) இதைச் சரிபார்க்க இணையமே தேவையில்லை. அட்டையில் கூம்பு வடிவக் கோபுரம் ஒன்று செய்து, இருட்டிய அறையில் டார்ச் விளக்கை அதன்மேல் பிடிக்கச் சொல்லுங்கள். விளக்கு நேர் மேலே இருக்கும்போது உச்சியின் நிழல் கோபுரத்தின் மேலேயே விழும். விளக்கைச் சாய்த்தால் நிழல் மேசைக்கு வந்துவிடும். கோயிலிலும் அப்படித்தான்: சூரியன் தலைக்கு மேல் வரும் நாட்களின் நண்பகலில் தரையில் நிழல் தெரியாது, காலையிலும் மாலையிலும் முற்றத்தில் நீளமாகவே விழுகிறது. கதை எங்கிருந்து கிளம்பியிருக்கும் என்பதையும் பிள்ளைகளே ஊகித்துவிடுவார்கள்.

அடுத்தது, உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்பது. இது சற்றுக் கடினம். தேடினால் பல சுற்றுலாத் தளங்களில் அதே வாக்கியம் கிடைக்கும். "பத்து இடத்தில் போட்டிருக்கிறதே சார்" என்று மாணவர் கேட்பார்கள். பத்து இடத்தையும் அச்செடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். சொற்கள்கூட மாறாமல் இருந்தால் அது பத்துச் சான்று ஆகாது. ஒன்றைப் பார்த்து மற்றவை எழுதியவை. விமானத்தை ஆராய்ந்தவர்கள், சிகரம் பல கற்களைப் பொருத்தி அமைத்தது என்றே எழுதியிருக்கிறார்கள்.

இதோடு நிறுத்தினால் வகுப்பு சோர்ந்துவிடும். அதே கேள்வியை உறுதியான ஒரு செய்தியிடமும் கேட்க வேண்டும். கோயிலைக் கட்டியவர் ராஜராஜன் என்பது எப்படித் தெரியும்? தலபுராணம் கரிகாலன் என்கிறது. சுவரில் உள்ள கல்வெட்டுகளோ ராஜராஜன் எடுப்பித்த கோயில் என்கின்றன. அவருடைய 25ஆம் ஆட்சியாண்டின் 275ஆம் நாளில் விமானத்தின் உச்சியில் வைக்கச் செப்புக்குடம் கொடுத்ததும், அதன் எடை 3083 பலம் என்பதும் அங்கே பதிவாகியிருக்கின்றன. ஆட்சி தொடங்கியது கி.பி. 985, ஆகவே ஆண்டு 1010. கோயிலில் பணிசெய்த 400 ஆடல் பெண்டிரின் பெயர்களும், அவர்கள் குடியிருந்த தெருக்களும்கூடக் கல்லில் இருக்கின்றன. நிழல் கதையை இழந்த பிள்ளைக்கு இது நல்ல ஈடு.

பக்கத்தை விட்டு வெளியே வருதல்

அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க், சாரா மெக்ரூ இருவரும் 2017இல் வெளியிட்ட ஆய்வில் 10 வரலாற்று அறிஞர்களும், 10 செய்திச் சரிபார்ப்பாளர்களும், 25 மாணவர்களும் இணையப் பக்கங்களை மதிப்பிட்டனர். அறிஞர்களில் பலரும் மாணவர்களும் அந்தப் பக்கத்தையே மேலிருந்து கீழாகப் படித்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் உடனே வேறு தாவல்களைத் திறந்து, இதை எழுதியவர் யார், அவரைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். பேராசிரியர்களே ஏமாந்தார்கள் என்று சொன்னால் வகுப்பில் தனி உற்சாகம் பிறக்கும்.

கீழடி பற்றிய பதிவுகளில் இந்தப் பழக்கம் உதவும். தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கை, 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிம மாதிரி ஒன்றுக்குக் கி.மு. 580 என்று காலம் தருகிறது. சோதித்தது அமெரிக்க ஆய்வகம். ஆழம், மாதிரி, ஆய்வகம் மூன்றும் அதில் உண்டு. வெறும் "பல்லாயிரம் ஆண்டு" என்று பேசும் பதிவில் இவற்றைத் தேடச் சொல்லுங்கள்.

வீட்டில்தான் சிக்கல். செய்தியை அனுப்பியவர் பெரும்பாலும் தாத்தாவாகவோ மாமாவாகவோ இருப்பார். "பொய்" என்றால் வாய்த்துடுக்கு ஆகிவிடும். "தாத்தா, இதை யாரு அளந்தாங்கன்னு போட்டிருக்கா?" என்று கேட்டால் அவரும் சேர்ந்து தேடுவார். என் மாணவர்கள் சிலர் வீட்டில் அப்படி நடந்தது உண்டு.

கடைசிப் பாடவேளைக்கு, நம்ப முடியாததாகத் தோன்றும் உண்மை ஒன்றைக் கொடுக்கலாம்: எகிப்தின் கிளியோபாத்ரா, பெரிய பிரமிடு கட்டிய காலத்தைவிட மனிதன் நிலவில் இறங்கிய காலத்துக்கே அருகில் வாழ்ந்தவர். பிரமிடு ஏறத்தாழ கி.மு. 2560, அவர் இறந்தது கி.மு. 30, நிலவில் இறங்கியது 1969. கரும்பலகையில் போட்டால் ஒருபுறம் 2530 ஆண்டு, மறுபுறம் 1998. ஏன் 1999 இல்லை என்று யாராவது கேட்பார்கள். கி.மு. 1க்கு அடுத்தது கி.பி. 1, நடுவில் சுழிய ஆண்டு கிடையாது.