யார் போட்டது, எதை அணைத்துவிட்டுப் போட்டது?

“ஃபார்மட் அடிச்சா எல்லாம் போயிடும்ல மாப்ளே?”

கறம்பக்குடி கடைத்தெருவில் டீ சொல்லிவிட்டு உட்கார்ந்ததும் மாமா கேட்ட முதல் கேள்வி இதுதான். வீட்டுக் கம்ப்யூட்டரின் வலது ஓரத்தில், ‘வைரஸ் புகுந்துவிட்டது, உடனே நீக்கவும்’ என்று ஒரு சின்னப் பெட்டி ஓயாமல் எட்டிப் பார்க்கிறதாம். மகள் டிஎன்பிஎஸ்சிக்கு விண்ணப்பம் போடுவது, மகனுடைய காலேஜ் வேலை, சிங்கப்பூரிலிருந்து மச்சான் அனுப்பும் பணம் கணக்கில் ஏறிவிட்டதா என்று பார்ப்பது, பட்டா சிட்டா எடுப்பது எல்லாம் அந்த ஒரே கம்ப்யூட்டரில்தான். ரிப்பேர் பார்க்கிற தம்பி ஃபார்மட் அடித்துப் புதிதாக விண்டோஸ் போட்டுவிடலாம் என்று சொல்லியிருக்கிறார்.

மாமாவிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அந்தப் பெட்டி பெரும்பாலும் வைரஸே கிடையாது. எப்போதோ ஒரு படம் பார்க்கவோ பாட்டு இறக்கவோ போன தளம், ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் அழுத்துங்கள்’ என்று கேட்டிருக்கும். வீட்டில் யாரோ அழுத்தியிருப்பார்கள். அந்த ஒரு அழுத்தலில், பிரவுசர் வழியாக எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பும் உரிமை அந்தத் தளத்துக்குப் போய்விட்டது. குரோமில் செட்டிங்ஸ் போய், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, அதற்குள் சைட் செட்டிங்ஸ், அதற்குள் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று திறந்தால் அனுமதி வாங்கிய தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயரையெல்லாம் நீக்கினால் பெட்டி நின்றுவிடும். செலவில்லை, ஃபார்மட் தேவையில்லை. ஆனால் அந்தப் பெட்டியை மட்டும் தொடக்கூடாது. தொட்டால் போலி ஆன்டிவைரஸ் விற்கும் பக்கத்துக்கோ, ஒரு போன் நம்பருக்கோ கொண்டுபோகும். அந்த நம்பரில் பேசுகிறவர் எனிடெஸ்க் போன்ற ஒன்றைப் போடச் சொல்லி, உங்கள் திரையைத் தன் கைக்குள் எடுத்துக்கொள்வார்.

“அப்ப பயப்பட ஒண்ணுமில்லைங்கிற.”

“அதுக்குப் பயப்பட வேணாம் மாமா. சத்தம் போடாம உட்கார்ந்திருக்கிறது ஏதாவது இருக்கான்னுதான் பாக்கணும்.”

உளவு பார்க்கும் மென்பொருள் தன்னைக் காட்டிக்கொள்வதே இல்லை. நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பெரிய சாட்சி இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில் ஒரு கம்ப்யூட்டருக்குள் இப்படி ஒன்று இருப்பதாக, மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2019 செப்டம்பர் 4-ஆம் தேதி தகவல் கொடுத்தது. அக்டோபர் கடைசியில் செய்தி கசிந்தபோது நிலையம் முதலில் மறுத்தது. அக்டோபர் 30-ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. அணு உலையை இயக்கும் கருவிகளோடு அந்தக் கம்ப்யூட்டருக்குத் தொடர்பில்லை. நிர்வாக வேலைக்காக இணையத்தில் இணைந்திருந்த ஒரு ஊழியரின் கம்ப்யூட்டர் அது.

அங்கே இருந்தது டிடிராக் என்ற வகை என்று ஆராய்ந்தவர்கள் சொன்னார்கள். அதைப் பற்றி காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதே செப்டம்பரில்தான் விவரமாக எழுதியிருந்தது. அது செய்யும் வேலைகளைக் கவனமாகப் படிக்க வேண்டும்: தட்டுகிற ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யும், பிரவுசரில் எங்கெல்லாம் போனோம் என்ற வரலாற்றை எடுக்கும், எந்தெந்த புரோகிராம் ஓடுகிறது, டிஸ்கில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் போடும். இதில் ஒன்றுகூட அணுமின் நிலையத்துக்கென்று விசேஷமாகச் செய்தது அல்ல. மாமா வீட்டுக் கம்ப்யூட்டரிலும் எழுத்து தட்டுகிறார்கள், பிரவுசர் இருக்கிறது, ஃபைல் இருக்கிறது.

“நம்ம வீட்ல என்னத்த எடுக்கப் போறான்?” என்று எல்லோரும் கேட்பார்கள். மாமாவும் கேட்டார். எடுப்பதற்கு இருக்கிறது. இன்று அதிகம் புழங்குவது திருடி வகை மென்பொருள்கள். ரெட்லைன் என்று ஒன்று. 2024 அக்டோபரில் நெதர்லாந்து போலீஸ் தலைமையில் பல நாட்டுக் காவல்துறைகள் சேர்ந்து அதன் சர்வர்களைப் பிடித்தன. லூமா என்று இன்னொன்று. 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை இரண்டே மாதத்தில் உலகம் முழுக்க 3,94,000-க்கு மேற்பட்ட விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் அது இருந்ததை மைக்ரோசாஃப்ட் கண்டது. இவை யாரையும் தேடிப்பிடித்துத் தாக்குவதில்லை. கிடைத்த கம்ப்யூட்டரில் நுழைந்து, பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பாஸ்வேர்டுகளை மொத்தமாக அள்ளுகின்றன. கூடவே குக்கீ என்ற சின்னப் பதிவுகளையும் எடுக்கின்றன. ஒரு முறை ஓடிபி கொடுத்து மெயிலுக்குள் நுழைந்தபின், மறுமுறை கேட்காமல் விடுகிறதே, அதற்குக் காரணம் அந்தக் குக்கீதான். அது கையில் கிடைத்தால் திருடனிடமும் ஓடிபி கேட்காது. ஓடிபி இருக்கிறது, நமக்கு ஒன்றும் ஆகாது என்ற நம்பிக்கை இந்த இடத்தில் உதவுவதில்லை. மெயில் போனால், அந்த மெயிலுக்கு வரும் ‘பாஸ்வேர்டு மறந்துவிட்டதா’ வழியாக மற்ற கணக்குகளும் ஒவ்வொன்றாகப் போகும்.

இது எப்படி உள்ளே வருகிறது என்பதில்தான் நான் கொஞ்சம் அதிக நேரம் நிற்க விரும்புகிறேன். சினிமாவில் காட்டுகிற மாதிரி யாரோ இருட்டறையில் உட்கார்ந்து நம் வீட்டுக் கம்ப்யூட்டரை உடைத்துத் திறப்பதில்லை. நாமே ‘யெஸ்’ அழுத்தி உள்ளே விடுகிறோம். நம் பக்கத்து ஊர்களில் அந்த ‘யெஸ்’ பெரும்பாலும் கிராக் போடும்போது அழுத்தப்படுகிறது.

கம்ப்யூட்டர் வாங்கும்போதோ ஃபார்மட் அடிக்கும்போதோ ரிப்பேர்க்காரர் பென் டிரைவிலிருந்து விண்டோஸ் போடுகிறார். ஆஃபீஸ், போட்டோஷாப் எல்லாம் வருகிறது. எதற்கும் பணம் கட்டவில்லை. லைசென்ஸ் கேட்காமலிருக்க ஆக்டிவேட்டர் என்ற சின்ன புரோகிராமை ஓட்டுகிறார். அதை ஓட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்தாக வேண்டும்: விண்டோஸின் காவலாக இருக்கும் டிஃபெண்டரை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஆக்டிவேட்டரைப் பிடித்து அழித்துவிடும். இறக்கிய பக்கத்திலேயே ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு நிறுவவும், அது தவறாகக் காட்டுகிறது’ என்று எழுதியிருப்பார்கள். சில நேரம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதே வரிக்குப் பின்னால் ஒரு திருடி ஒளிந்திருந்தாலும் வெளியே தெரியும் வித்தியாசம் ஒன்றும் இல்லை. காவலை அணைத்துவிட்டு, முழு அதிகாரத்தோடு, எழுதியவர் யாரென்றே தெரியாத ஒன்றை ஓட்டுகிறோம். திருடனுக்கு இதைவிட நல்ல வேளை அமையாது. கிராக் ஃபைல்கள் வழியாகத் திருடிகளும், ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேரும் பரவுவது பல ஆண்டுகளாகத் தெரிந்த விஷயம்.

மாமாவின் முதல் கேள்விக்குப் பதில் இங்கே வருகிறது. ஃபார்மட் அடித்தால் பழையது போகும், சரி. ஃபார்மட் முடிந்த கையோடு அதே பென் டிரைவிலிருந்து அதே ஆக்டிவேட்டரை ஓட்டினால், பணம் கொடுத்து மறுபடி அழைத்து வந்ததாக ஆகிவிடுமே.

இதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ள ஒரு இடம் இருக்கிறது. விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன், அதில் மேனேஜ் செட்டிங்ஸ், கீழே போனால் எக்ஸ்குளூஷன்ஸ். ‘இந்த இடத்தைச் சோதிக்காதே’ என்று டிஃபெண்டருக்குச் சொல்லி வைத்திருக்கும் பட்டியல் அது. சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டரில் அது காலியாக இருக்க வேண்டும். அங்கே நீங்கள் போடாத ஒரு பெயரோ, சி டிரைவ் முழுவதுமோ இருந்தால், டிஃபெண்டர் பச்சை டிக் காட்டினாலும் அந்த இடத்தில் அதற்குக் கண் இல்லை. அந்த வரியை நீக்கிவிட்டு, வைரஸ் அண்ட் த்ரெட் புரொடெக்ஷன் பக்கத்துக்குத் திரும்பி, ஸ்கேன் ஆப்ஷன்ஸில் இருக்கும் ஆஃப்லைன் ஸ்கேனை ஓட்ட வேண்டும். கம்ப்யூட்டர் மறுபடி தொடங்கி, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே அது சோதிக்கும்.

“அப்ப காசு கொடுத்து ஆன்டிவைரஸ் வாங்கணுமா?”

வாங்கலாம், தப்பில்லை. சென்னையிலேயே 1991-இல் தொடங்கிய கே7 மாதிரி நிறுவனங்கள் இருக்கின்றன. வாங்காவிட்டாலும் டிஃபெண்டர் ஒரு வீட்டுக்குப் போதும் என்பது என் கருத்து. ஏற்கெனவே ஏதாவது புகுந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், 2017 பிப்ரவரியில் செர்ட்-இன் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா தளத்தில் சுத்தம் செய்யும் கருவிகளை இலவசமாகவே தருகிறார்கள். எதை வைத்தாலும் அதை அணைக்காமல் இருப்பதுதான் காரியம்.

கிராக் இல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா என்றால், தாராளமாக முடியும். கடிதம், கணக்கு, காலேஜ் அறிக்கை எல்லாவற்றுக்கும் லிப்ரே ஆஃபீஸ் இலவசம். தமிழ் தட்டுவதற்காக எங்கெங்கோ தேடி இறக்க வேண்டாம்; 2019 மே மாத அப்டேட்டிலிருந்து விண்டோஸ் 10-க்குள்ளேயே தமிழ்99, அஞ்சல் விசைப்பலகைகள் இருக்கின்றன. ஆக்டிவேட் செய்யாத விண்டோஸ்கூட மூலையில் ஒரு வரியைக் காட்டிக்கொண்டு, சில அலங்காரங்களை மறுத்துவிட்டு, வேலை செய்யத்தான் செய்கிறது. அந்த வரி கண்ணை உறுத்தும். உறுத்தட்டும்.

பழைய லேப்டாப்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011-இல் தொடங்கிய அரசு இலவச லேப்டாப் திட்டத்தில் வந்தவை நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இருக்கின்றன. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் வரை ஒரு வருடம் நீட்டிப்பு உண்டு. அப்டேட் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2017 மே 12-ஆம் தேதி பரவிய வான்னாகிரை என்ற ரான்சம்வேரே போதும். அது புகுந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே கொடுத்துவிட்டது. போட்டுக்கொண்டவர்கள் தப்பினார்கள். விண்டோஸ் 11 ஏற்காத பழைய லேப்டாப்பில் லினக்ஸ் போடலாம். மத்திய அரசு நிறுவனமான சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் தமிழிலும் இயங்கும். பிள்ளைகள் படிக்க, விண்ணப்பம் போட அது போதும்.

பென் டிரைவை ஜெராக்ஸ் கடையில் கொடுத்து வாங்கினால் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போவதைப் பலரும் பார்த்திருப்பீர்கள். ஃபைல் அழியவில்லை. புழு என்ற வகை வைரஸ் உண்மையான ஃபோல்டரை மறைத்துவிட்டு, அதே பெயரில் ஷார்ட்கட்டை வைத்திருக்கிறது. அதைத் திறந்தால் ஃபோல்டரும் திறக்கும், பின்னால் புழுவும் ஓடும். அதனால்தான் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. பிரின்ட் எடுக்க வேண்டியதை மட்டும் தனி பென் டிரைவில் கொண்டுபோங்கள். திரும்பி வந்ததும் ஸ்கேன் செய்த பிறகு திறவுங்கள்.

ஃபைல் பெயரின் வாலையும் காட்டச் சொல்லி வைக்க வேண்டும். விண்டோஸ் வழக்கமாக அதை மறைத்துவிடும். 2000 மே மாதம் உலகையே சுற்றிய ஐ லவ் யூ வைரஸ், வெறும் டெக்ஸ்ட் ஃபைல் மாதிரி தெரிந்ததற்கு அந்த மறைப்பும் ஒரு காரணம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் ‘வியூ’ மெனுவில் ‘ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்’ என்பதில் டிக் போட்டால், பிடிஎஃப் என்று நினைத்தது இஎக்ஸ்இ என்று முடிவதைக் கண்ணால் பார்க்கலாம். இதே ஏமாற்றுதான் போனில் கல்யாணப் பத்திரிகை என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே ஃபைலும்.

“பையன் என்னென்னமோ டவுன்லோடு பண்ணுவான், அவன் கையைக் கட்ட முடியாதே?”

கையைக் கட்ட வேண்டாம், கணக்கைப் பிரிக்கலாம். வீட்டுக்கு வந்துபோகிற எல்லோருக்கும் நிலப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் அதிகாரத்தைக் கொடுப்போமா? கம்ப்யூட்டரில் எல்லோரும் அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் உட்காருவது அப்படித்தான். அட்மின் கணக்கு ஒன்றைப் பாஸ்வேர்டோடு பெரியவர் ஒருவர் வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ஸ்டாண்டர்ட் கணக்கு கொடுத்தால் போதும். டிஃபெண்டரை அணைக்கவோ முழுக் கம்ப்யூட்டருக்குமான ஒன்றை நிறுவவோ முயன்றால் பாஸ்வேர்டு கேட்கும். அப்போது அடுப்படியிலிருந்து அத்தை வந்து, “எதுக்குடா இது?” என்று ஒரு கேள்வி கேட்பார். திருடி வகைகள் ஸ்டாண்டர்ட் கணக்கிலும் ஓடி அந்தக் கணக்கில் சேமித்த பாஸ்வேர்டுகளை எடுக்கக்கூடும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அதனால் பேங்க் வேலைக்கென்று தனிக் கணக்கு, அதில் வேறு எதையும் திறப்பதில்லை என்று வைத்துக்கொள்வது நல்லது.

ஏற்கெனவே திருடு போயிருக்குமோ என்று தோன்றினால் வரிசை முக்கியம். முதலில் அந்தக் கம்ப்யூட்டரை இணையத்திலிருந்து பிரிக்க வேண்டும். பாஸ்வேர்டு மாற்றுவதை அதிலேயே செய்தால் புதியதும் அங்கேயே போகும். போனிலிருந்து மாற்றுங்கள். முதலில் மெயில், பிறகு பேங்க். மாற்றிய கையோடு மெயிலில் ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதையும் கொடுத்தால்தான் திருடிய குக்கீ செல்லாமல் போகும். கணக்கில் பணம் குறைந்திருந்தால் சைபர் மோசடிக்கான உதவி எண்ணான 1930-க்கு உடனே அடிக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறுவதற்குள் நிறுத்த முயல்வதற்காகவே அந்த எண்ணை வைத்திருக்கிறார்கள். மறுநாள் பார்க்கலாம் என்று விட்டால் அதன் பயன் குறைந்துவிடும்.

கடைசியாக மாமா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். “அந்தத் தம்பி தெரிஞ்ச பையன். ஏன் கிராக் போட்டேன்னு எப்படிக் கேக்குறது?”

அவர் மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லைசென்ஸுக்குப் பல ஆயிரம் ஆகும் என்றால் நம்மில் எத்தனை பேர் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்? சில நூறு ரூபாயில் எல்லாம் வேண்டும் என்று கேட்பது நாம்தான். “தம்பி, மைக்ரோசாஃப்ட் தளத்துல இறக்குன விண்டோஸை மட்டும் போடுங்க. ஆக்டிவேட் ஆகலைன்னாலும் பரவாயில்ல. டிஃபெண்டரை எதுக்காகவும் ஆஃப் பண்ண வேணாம். ஆஃபீஸுக்குப் பதிலா லிப்ரே ஆஃபீஸ் போடுங்க, உங்க கூலியில ஒரு ரூபா குறைக்க மாட்டேன்” என்று சொல்லச் சொன்னேன். மாமா சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, ஒரு பழைய பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் அதை எழுதிக்கொண்டார்.