கேள்விக்குறி காட்டும் திரை

பல்கலைக்கழக முதலாண்டு நுண்கணிதத்தில் பலரும் தடுமாறும் இடம் வகைக்கெழு. விரிவுரையாளர் வெண்பலகையில் சூத்திரத்தை எழுதுவார், மாணவரும் எழுதிக்கொள்வார். ஆனால் வளைகோட்டின் மேல் இரு புள்ளிகள் நெருங்கி வருவதைப் பலகை காட்டாது.

அதைக் காட்டும் மென்பொருள்களில் ஒன்று ஜியோஜீப்ரா. ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்க்குஸ் ஹோஹென்வார்ட்டர் 2001இல் தொடங்கியது. மாணவருக்கு இலவசம், கைப்பேசியிலும் ஓடும். எண்களின் வர்க்கத்தை வளைகோடாக வரைந்து, 1இல் ஒரு புள்ளியும் சற்றுத் தள்ளி மற்றொன்றும் வைத்து, கோட்டால் இணைக்கலாம். இடைவெளி 1 என்றால் சாய்வு 3. ஸ்லைடரை இழுத்து 0.1க்குக் கொண்டுவந்தால் 2.1, 0.01இல் 2.01. பூஜ்யத்தில் நிறுத்தினால் 2 வருமென்று எதிர்பார்ப்பவருக்குக் கிடைப்பது வெறும் கேள்விக்குறி. பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் கணினிதான் என்ன செய்யும்? ‘எல்லை’ என்ற கருத்து எதற்கு என்பது அங்கே விளங்கிவிடுகிறது.

மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்த மென்பொருளுக்கு இன்னொரு பயனும் உண்டு. கிள்ளான் சிம்பாங் லீமாவிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தமிழ்ப்பள்ளியில் ‘பின்னம்’ கற்ற பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளியில் மலாயில் அதுவே ‘பெச்சாஹான்’. பல்கலைக்கழகத்தில் பல பாடநூல்கள் ஆங்கிலம். சொல் இரண்டு முறை மாறினாலும் ஸ்லைடர் காட்டும் படம் மாறாது.

ஆனால் விரிவுரையாளரே ஸ்லைடரை இழுத்துக்காட்டினால் திரை இன்னொரு பலகைதான். இழுக்குமுன் ‘சாய்வு கூடுமா, குறையுமா?’ என்று கேட்டு, கைப்பேசியில் வாக்களிக்கவைத்து, பக்கத்திலிருப்பவரோடு வாதாட விடவேண்டும். ஹார்வர்டில் எரிக் மசூர் 1991இல் இயற்பியலுக்குத் தொடங்கிய முறை இது. அறிவியல், பொறியியல், கணித வகுப்புகள் பற்றிய 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014ஆம் ஆண்டு அமெரிக்க ஆய்வில், வெறும் விரிவுரை கேட்டவர்களில் சுமார் 34 விழுக்காட்டினர் தோற்றனர். இப்படிப் பங்கெடுத்துக் கற்றவர்களில் சுமார் 22.

மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. யுடாரியா முகமது யூசோப், பிரிட்டனின் டேவிட் டாலுடன் 1999இல் வெளியிட்ட ஆய்வின்படி, சிக்கல்தீர்க்கும் வகுப்பில் மாணவரின் கணித மனப்பான்மை மேம்பட்டது. வழக்கமான விரிவுரைக்குத் திரும்பிய பின் பலரிடம் பழைய மனப்பான்மையே தலைதூக்கியது. அங்கே மாறியது கருவியல்ல, கற்பிக்கும் முறை.

வீட்டுப்பாடத்துக்கு ஸ்டாக் என்ற நிரல் உதவுகிறது. கிறிஸ் சாங்வின் பிரிட்டனில் உருவாக்கிய இது ஒவ்வொருவருக்கும் வேறு எண்களைக் கொடுக்கும். அடைப்பை விரித்தோ விரிக்காமலோ எழுதிய விடை சமமானால் ஏற்கும். பிழைக்கான குறிப்பு உடனே வரும், ஆனால் அந்தப் பிழை வருமென்று ஆசிரியர் முன்கூட்டியே யோசித்து எழுதிவைத்திருந்தால் மட்டுமே.