கறுத்த திரையும் கலங்காத மனமும்

வீட்டிலே ஒரு பொருள் பழுதுபட்டுவிட்டால், "யார் தொட்டது?" என்ற கேள்வியே முதலில் எழுகின்றது. "என்ன மாறியது?" என்று கேட்பவர் சிலரே. கணினி பழுதுபடும்போது இந்த இரண்டாவது கேள்வியே பயன் தருவது என்பதைச் சில காலத்துக்கு முன் எமது அயல்வீட்டிலே நேரிற் கண்டோம். பிள்ளைகளின் படிப்புக்காக மேசைக் கணினி வைத்திருக்கும் குடும்பங்களுக்கு அந்த அநுபவம் உதவக்கூடும் என்பதனால் இங்கே எடுத்துரைக்கின்றோம்.

அந்த வீட்டுப் பிள்ளை உயர்தர வகுப்பு மாணவன். தந்தையார் அவனுக்குப் பாவித்த கணினி ஒன்றை வாங்கிக் கொடுத்திருந்தார். அதிலே 8 ஜீ.பீ. நினைவகம் இருந்தது. பாடக் காணொளியையும் குறிப்புகளையும் ஒருங்கே திறந்தால் அது நத்தைபோல் ஊரும். ஆகவே பிள்ளை தான் சேர்த்து வைத்த பணத்தைக் கொண்டு, மலிவாகக் கிடைத்த இன்னொரு 8 ஜீ.பீ. நினைவகத்தை, அதாவது கடைகளிலே 'றாம்' என்று கேட்டு வாங்கும் அந்தச் சிறு அட்டையை, வாங்கி வந்தான். வீட்டில் எவரும் இல்லாத ஒரு மாலைப் பொழுதிலே பெட்டியைத் திறந்து, பழைய றாமைக் கழற்றிப் பக்கத்து இடத்துக்கு மாற்றி, புதியதையும் பொருத்தினான்.

பொத்தானை அழுத்தினான். விசிறி சுழன்றது. சிறு விளக்கு எரிந்தது. திரையோ கறுத்தே கிடந்தது. பதறிப்போய்ப் புதியதைக் கழற்றிவிட்டு மீண்டும் அழுத்தினான். அப்போதும் திரை விழிக்கவில்லை.

அந்தக் கணினியிலே அவனுடைய செயற்றிட்ட அறிக்கை இருந்தது. தாயாரின் தையற் கணக்குகள் இருந்தன. காலஞ்சென்ற அம்மம்மாவின் படங்களும் அதிலேதான் இருந்தன. வேறெங்கும் பிரதி இல்லை. பிள்ளைக்கு நா எழவில்லை. "மின்சாரம் கூடிக் குறைந்தது, அதற்குப் பிறகு வேலை செய்யவில்லை" என்று சொல்லிவிட்டான். அதை நம்பிய தந்தையார், பழுது பார்ப்பவர் ஒருவரிடம் தொலைபேசியில் அப்படியே சொன்னார். "அப்படியானால் தாய்ப்பலகை எரிந்திருக்கும். பழைய கணினிக்குச் செலவு செய்வதிலும் புதிதாக வாங்குவது நல்லது" என்று விடை வந்தது. அவர்மீது குற்றமில்லை. பொய்யான நோய்க்குறியைக் கேட்ட வைத்தியர் வேறென்ன மருந்து சொல்ல முடியும்?

மூன்றாம் நாள் பிள்ளை எம்மிடம் வந்தான். "மாமா, மின்சாரத்தால் அல்ல, நான்தான் கழற்றிப் பூட்டினேன். அம்மம்மாவின் படங்களெல்லாம் போய்விட்டன" என்று கண்கலங்கினான்.

நினைவகம் வேறு, சேமிப்பகம் வேறு

முதலில் அவனுடைய அச்சத்தைத் தீர்க்க வேண்டியிருந்தது. படங்களும் கணக்குகளும் இருப்பது ஹார்ட் டிஸ்க் என்னும் சேமிப்பகத்திலே. றாம் என்பது வேறு. அதனை வகுப்பறைக் கரும்பலகைக்கு ஒப்பிடலாம். பாடம் நடக்கும்போது எழுதுவதற்கு அது வேண்டும். மணி அடித்ததும் அழிபட்டுவிடும். கொப்பியிலே எழுதி வைத்தது கரும்பலகை உடைந்தாலும் அழிவதில்லை.

இந்தக் கரும்பலகை எவ்வாறு இயங்குகின்றது என்பதை மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்த றொபேட் டெனார்ட் (1932 - 2024) என்பவர், ஒரே ஒரு திரான்சிஸ்டரும் மின்னேற்றத்தைத் தாங்கும் ஒரு நுண்ணிய கொள்ளளவியும் சேர்ந்தால் ஒரு 'பிற்' செய்தியை வைத்திருக்கலாம் என்று கண்டார். அதற்கான காப்புரிமை 1968ஆம் ஆண்டிலே கிடைத்தது. கொள்ளளவியில் மின்னேற்றம் இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஆயின் அந்த மின்னேற்றம் ஓட்டைக் குடத்து நீர்போலக் கசிந்துகொண்டே இருக்கும். ஆதலால் வழக்கமாக 64 மில்லிசெக்கனுக்குள் ஒவ்வொன்றையும் ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்ப வேண்டும். மின்சாரம் நின்றால் நிரப்புவதும் நின்றுவிடும், செய்தியும் மறைந்துவிடும்.

1970இல் இன்ரெல் நிறுவனம் வெளியிட்ட 1103 என்னும் சில்லு 1,024 பிற்றுகளைத் தாங்கியது. நம் பிள்ளையின் கையிலிருந்த 8 ஜீ.பீ. றாமோ ஏறத்தாழ 6,870 கோடி பிற்றுகளைத் தாங்குவது. ஒரு சாண் நீளமும் இல்லாத அட்டையிலே எத்துணை பெரிய கரும்பலகை!

"ஆகவே, தம்பி, கரும்பலகையிலேதான் ஏதோ சிக்கல், கொப்பி பத்திரமாக இருக்கும்" என்றோம். அவன் முகம் சற்றுத் தெளிந்தது.

திரை ஏன் வாய் திறக்கவில்லை?

கணினியை முடுக்கியதும் அது தன்னைத்தானே சோதிக்கத் தொடங்குகின்றது. செயலி, நினைவகம், திரைக்குப் படம் அனுப்பும் பகுதி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும். 1981ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வெளியிட்ட சொந்தக் கணினியும் இவ்வாறே செய்தது. நினைவகத்திற் பிழை கண்டால் 201 என்ற எண்ணைத் திரையிற் காட்டும். ஆனால் நினைவகமே அகப்படாதபோது, திரையில் ஓர் எழுத்தை எழுதுமளவுக்குக்கூடக் கணினியால் முன்னேற முடிவதில்லை. அப்பொழுது சில கணினிகள் 'பீப்' என்று ஒலிக்கும். சிலவற்றின் தாய்ப்பலகையிலே சிறு விளக்கொன்று எரியும். ஒலிப்பான் பூட்டப்படாத கணினிகள் வாளாவிருக்கும். விசிறி சுழன்றும் திரை கறுத்திருப்பதன் பொருள், பெரும்பாலும், எல்லாம் எரிந்துவிட்டது என்பதன்று. முதற் சோதனையிலேயே கணினி தடைப்பட்டு நிற்கின்றது என்பதே.

பழுது என்று தோன்றுவது வெறும் நெகிழ்வாக இருப்பதும் பழைய கதைதான். தொடக்ககாலக் கணினிகளிலே நினைவகச் சில்லுகளைத் தனித்தனியே துளைகளிற் செருகுவார்கள். சூடேறியும் குளிர்ந்தும் வர, அவை மெல்ல மெல்ல வெளியே நகரும். 1980இல் வந்த அப்பிள் III என்ற கணினியிலே இத்தொல்லை மிகுந்தமையால், அதனைச் சில அங்குலம் தூக்கி மேசையிற் போடுமாறு பாவனையாளருக்குச் சொல்லப்பட்டதாம்! இக்காலத்தில் எவரும் அப்படிச் செய்ய வேண்டாம்.

பின்னோக்கி ஓர் அடி

"கணினி கடைசியாக நன்றாக ஓடியது எப்போது?" என்று கேட்டோம். "பழைய றாம் மட்டும் இருந்தபோது" என்றான். அந்த நிலைக்கே திரும்பிப் போவோம் என்று தீர்மானித்தோம்.

கணினியை நிறுத்தி, மின்வடத்தைச் சுவரிலிருந்து கழற்றினோம். எஞ்சிய மின்சாரம் தீரும்படி தொடக்கப் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்தோம். உடம்பிலே நிலைமின் இருந்தால் அது சில்லுகளைக் கெடுத்துவிடும். அதனால் பெட்டியின் வர்ணம் பூசாத உலோகப் பாகத்தைத் தொட்டுக்கொண்டோம். பின்னர் பழைய றாமைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளிலே கை படாதவாறு ஓரங்களைப் பிடித்துப் பார்த்தோம். மெல்லிய துணியால் முனைகளைத் துடைத்தோம். சிலர் அழிறப்பரால் தேய்ப்பதுண்டு; அப்படிச் செய்தால் இலேசாகத் தேய்த்து, அதன் துகள் ஒன்றும் உள்ளே விழாமற் பார்க்க வேண்டும்.

பழைய றாம் முன்பு இருந்த ஸ்லொட்டிலேயே அதை மறுபடியும் வைத்தோம். அந்தத் தாய்ப்பலகையிலே ஸ்லொட்டின் ஒரு முனையில் மட்டுமே கொளுக்கி இருந்தது. அந்த முனை 'கிளிக்' என்று பூட்டியவுடன் வேலை முடிந்ததென்று பிள்ளை நினைத்திருந்தான். மறு முனை ஒரு நூலளவு மேலே நின்றதை அவன் கவனிக்கவில்லை. இரு முனைகளிலும் பெருவிரலை வைத்து, நேராக, ஒரே அளவாக அழுத்தினோம். இம்முறை இரு பக்கமும் உள்ளே இறங்கின.

மின்வடத்தைப் பூட்டிப் பொத்தானை அழுத்தச் சொன்னோம். சில விநாடிகளிலே திரையில் ஒளி பரந்தது. அடுப்படியில் நின்ற தாயார் ஓடிவந்து, வேறொன்றும் கேளாமல், "அம்மாவின் படங்கள்?" என்றார். படங்கள் அத்தனையும் இருந்தன.

ஓர் எழுத்தால் வந்த வினை

பழைய றாம் தேறியது. புதியதன் குற்றம் இன்னும் தெரியவில்லை. கணினியை மறுபடி நிறுத்தி, மின்வடத்தைக் கழற்றிவிட்டு, அதே ஸ்லொட்டிலே புதியதை மட்டும் செம்மையாகப் பொருத்தினோம். திரை கறுத்தது. பழையதை வைத்தோம், ஒளிர்ந்தது. ஸ்லொட் நல்லது, தாய்ப்பலகை நல்லது, புதிய றாமே பொருந்தவில்லை என்று இப்போது தெளிவாயிற்று.

றாம் வகைகள் பல. டி.டி.ஆர். 3 வகையில் 240 முனைகள், அதற்கு 1.5 வோல்ற்று வேண்டும். டி.டி.ஆர். 4 வகையில் 288 முனைகள், அதற்கு 1.2 வோல்ற்று. டி.டி.ஆர். 5 வகையிலும் முனைகள் 288தான்; ஆயின் வோல்ற்று 1.1. ஒன்றை மற்றொன்றின் இடத்திற் செருகாதிருக்கும்படி அவற்றின் வெட்டுக்குறி வெவ்வேறு இடங்களில் அமைந்திருக்கின்றது. பிள்ளை வாங்கியதும் டி.டி.ஆர். 4தான், வெட்டுக்குறியும் சரியாகவே பொருந்தியது. பிறகென்ன?

ஒட்டுத்தாளை உற்றுப் பார்த்தோம். பழையதிலே 'பி.சி. 4 - 2400' என்ற எண்ணுக்குப் பின்னே வரும் தொகுதி 'யூ' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கியது. புதியதிலே அதே இடத்தில் 'ஆர்' என்றிருந்தது. 'யூ' சாதாரண மேசைக் கணினிக்கு உரியது. 'ஆர்' என்பது சேர்வர் எனப்படும் பெருங் கணினிகளுக்காகச் செய்யப்பட்டது. டி.டி.ஆர். 4 வகையிலே இவ்விரண்டும் ஒரே ஸ்லொட்டிற் புகும். ஆனால் சாதாரண மேசைக் கணினி இரண்டாவதைக் கொண்டு எழும்பாது. சேர்வர்களிலிருந்து கழற்றப்பட்டவை மலிவாக விலைப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். 

ஆக, ஒரே மாலையில் இரண்டு பிழைகள் நேர்ந்திருந்தன: பொருந்தாத புதிய றாம் ஒன்று, சரியாக இறங்காத பழைய றாம் மற்றொன்று. முதலாவதை நீக்கியபோதும் இரண்டாவது இருந்தமையால், எல்லாம் எரிந்துவிட்டது என்று பிள்ளை முடிவு கட்டினான். பழையதைத் தொடாமல் புதியதை மட்டும் சேர்த்திருந்தால் இவ்வளவு குழப்பம் வந்திராது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக என்று ஆய்வுகூடத்தில் ஆசிரியர் சொல்வது இதற்காகத்தான்.

இன்னும் சில குறிப்புகள்

இவ்வளவும் செய்து பயன் காணாதவர்கள் வேறு ஸ்லொட்டிலே ஒற்றை றாமை வைத்துப் பார்க்கலாம். எந்த ஸ்லொட்டை முதலில் நிரப்ப வேண்டுமென்பது தாய்ப்பலகையின் கைநூலில் இருக்கும். பெட்டிக்குள் கை போனபோது மின்வடங்களோ திரை அட்டையோ தளர்ந்தனவா என்றும் நோக்குக. டி.டி.ஆர். 5 பாவிக்கும் கணினி, புதிய நினைவகத்தை முதன்முறை பழகிக்கொள்ளச் சில நிமிடங்கள் எடுக்கலாம். திரை கறுத்திருக்கின்றதே என்று உடனே நிறுத்திவிடலாகாது.

தாய்ப்பலகையின் நாணய வடிவப் பற்றரியைச் சில நிமிடம் கழற்றிவைத்தால் அடிப்படை அமைப்புகள் பழைய நிலைக்குத் திரும்பும். நினைவகச் சிக்கல் சிலவேளை அதனால் தீர்வதுண்டு. ஆயின் நேரமும் தேதியும் மாறிவிடும். ஹார்ட் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிற்லொக்கர் வசதி உள்ள கணினியாயின், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலைக் கணினி கேட்கக்கூடும். அதனை முன்னரே எழுதி வைத்துக்கொள்வது புத்தி. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறத்தலாகாது. மின்வடத்தைக் கழற்றிய பின்னும் அதனுள்ளே ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும்.

அன்றிரவே, படங்களையும் கணக்குகளையும் செயற்றிட்ட அறிக்கையையும் வேறொரு சேமிப்பகத்திற் பிரதி செய்து தாயாரிடம் கொடுக்கச் செய்தோம். மறுநாள் பிள்ளை கடைக்குப் போனான். சிறிது மேலதிகப் பணம் கொடுத்துச் சரியான றாமை மாற்றி வந்தான். இம்முறை பட்டப்பகலில், தந்தையார் பக்கத்தில் நின்று பார்க்க, தானே பொருத்தினான். கணினி முதல் முயற்சியிலேயே எழும்பியது, 16 ஜீ.பீ. என்று காட்டியது.

தந்தையார் அவனைக் கடிந்துகொள்ளவில்லை. "முதல் நாளே சொல்லியிருந்தால் மூன்று நாள் நித்திரை கெட்டிருக்காது, தம்பி" என்று மட்டும் சொன்னார். பிள்ளை தலைகுனிந்து சிரித்தான்.

பிழை செய்யாமற் கற்றவர் எவருமில்லை. பிழையை மறைக்கும்போதுதான் அதன் விலை ஏறுகின்றது. ஒரு நூலளவு மேலே நின்ற அட்டைக்காக ஒரு குடும்பம் புதுக் கணினி வாங்க இருந்தது. பிள்ளைகள் அஞ்சாமல் வந்து, "இதை நான் மாற்றினேன்" என்று சொல்லக்கூடிய வீடாக நம் வீடுகள் இருக்குமானால், கணினி மட்டுமன்று, வேறு பலவும் எளிதிற் சீர்ப்படும்.